வீட்டில் ஒருவருக்கு மனம் சரியில்லை: ஜெபம், பாஸ்டர், டாக்டர் மூன்றையும் எப்படிச் சேர்த்துக் கொண்டுபோவது

நம் கிறிஸ்தவ வீடுகளில் ஒருவருக்கு மனம் சரியில்லாமல் போனால் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. முதலில் வீட்டு ஜெபம், அடுத்து உபவாச ஜெபம், அப்புறம் யாரோ சொன்ன ஊழியக்காரர், அதற்கும் அப்புறம் எண்ணெய் பூசி ஜெபிக்கிற இன்னொரு ஊர். இதற்குள் ஒரு வருடம் ஓடியிருக்கும், பையன் கல்லூரியை விட்டிருப்பான், கடைசியில் சொந்தக்காரர் கண்ணில் படாத பக்கத்து மாவட்டத்து டாக்டரிடம் இருட்டின பிறகு கூட்டிப்போவார்கள். அந்த ஒரு வருடத்தை மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன். ஜெபத்தை விடச் சொல்லவில்லை, நானும் ஞாயிறு தவறாமல் ஆலயத்தில் உட்காருகிறவன்தான். நோயாளியின் விசுவாசத்தை அளந்து பார்க்கிற வேலையை மட்டும் வீட்டாரும் சபையாரும் விட்டுவிட வேண்டும் என்கிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வருகிற நடைமுறை விஷயங்கள்.

முதலில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்

இரண்டு நாள் முகம் வாடியிருந்தால் அது மனநோய் கிடையாது. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல், கிட்டத்தட்ட தினமும், எதிலும் பிடிப்பில்லாமல், விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு, சாப்பாடு இறங்காமல், பிடித்த பாட்டைப் போட்டால்கூட எழுந்து போகிறவராக இருந்தால் அது மனச்சோர்வாக இருக்க வாய்ப்பு அதிகம். நம்மூரில் "மனசு சரியில்லை" என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அதையும் கவனியுங்கள். தலை எரிகிறது, நெஞ்சு கனமாக இருக்கிறது, உடம்பெல்லாம் வலி என்றுதான் சொல்வார்கள். ஈ.சி.ஜி. எடுத்து, ஸ்கேன் எடுத்து, எல்லாம் நார்மல் என்றதும் "சும்மா நடிக்கிறா" என்று முடிவுகட்டுவது நம் வழக்கம்.

இன்னொரு பக்கம், தூக்கமே இல்லாமல் மூன்று நான்கு நாள் படு உற்சாகமாகப் பேசுவது, இருக்கிற காசையெல்லாம் காணிக்கை போட்டுவிடுவது, "கர்த்தர் என்னைத் தீர்க்கதரிசியாக எழுப்பியிருக்கிறார்" என்று நடுத்தெருவில் நிற்பது. இதைச் சில சபைகளில் அபிஷேகம் என்று கைதட்டிவிடுகிறார்கள். எப்போதும் அப்படிப் பேசாத ஒருவர் திடீரென்று அப்படி ஆகி, தூக்கமும் போயிருந்தால், அது இருதுருவ நோயின் (பைபோலார்) எழுச்சிக் கட்டமாக இருக்கலாம். தூக்கம்தான் நல்ல அளவுகோல்.

பிள்ளை பெற்ற பெண்களை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பிரசவமாகி முதல் சில வாரங்களில் ஒரு தாய் சம்பந்தமில்லாமல் பேசுகிறாள், குழந்தையைப் பார்த்துப் பயப்படுகிறாள், குழந்தைக்குள் ஏதோ இருக்கிறது என்கிறாள் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. தாயையும் குழந்தையையும் தனியாக விடக் கூடாது. நாளைக் காலை ஜெபக்கூட்டம் முடியட்டும் என்று காத்திருக்கிற விஷயம் இல்லை இது.

எல்லாருக்குமே முதலில் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. தைராய்டு குறைந்தாலும், இரத்தசோகை இருந்தாலும், பி12 குறைந்தாலும் மனச்சோர்வு மாதிரியே தெரியும். இதற்கு மனநல டாக்டர்கூட வேண்டாம், உங்கள் வழக்கமான டாக்டரே எழுதிக்கொடுப்பார்.

வசனத்தால் வாயை அடைக்காதீர்கள்

"ஒன்றுக்கும் கவலைப்படாதிருங்கள்" என்று பிலிப்பியர் நான்கை எடுத்துப் படுத்துக் கிடக்கிறவரின் தலைமாட்டில் வாசிப்பது ரொம்பச் சுலபம். வாசிக்கிறவருக்குத் திருப்தி. கேட்கிறவருக்கோ, ஏற்கெனவே இருக்கிற குற்ற உணர்வோடு "நான் கீழ்ப்படியாதவன்" என்ற இன்னொன்றும் சேருகிறது. மனச்சோர்வு உள்ளவர்களிடம் கொஞ்ச நேரம் பேசினால் தெரியும், அவர்களே தங்களைத் தேவையான அளவுக்குமேல் குற்றப்படுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வேதத்திலேயே வேறு பக்கங்கள் இருக்கின்றன, அவற்றை ஏனோ நாம் வாக்குத்தத்த அட்டையில் அச்சடிப்பதில்லை. 1 இராஜாக்கள் 19ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி பார்த்த எலியா, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். பதிலுக்கு என்ன வந்தது? பிரசங்கம் வரவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வந்தன. சாப்பிட்டார், மறுபடி தூங்கினார், தேவதூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று மட்டும் சொன்னான். "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வியெல்லாம் நாற்பது நாளுக்கு அப்புறம் ஓரேப் மலையில் வருவது. இந்த வரிசையை அப்படியே வீட்டில் பின்பற்றலாம்: முதலில் சாப்பாடு, தூக்கம், பக்கத்தில் ஒரு ஆள். பேச்செல்லாம் பிறகு.

சங்கீதம் 88ஐ வாசித்திருக்கிறீர்களா? புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும், இது திரும்பாது. சிநேகிதர்களும் அறிமுகமானவர்களும் விலகிப்போனதைச் சொல்லி அப்படியே முடிந்துவிடும். நோயாளியோடு சேர்ந்து ஜெபிக்க வேண்டும் என்று நினைத்தால் அதை வாசியுங்கள், முடித்ததும் நீங்களாக ஒரு நல்ல வார்த்தை சேர்க்காமல் பைபிளை மூடுங்கள். யோபுவின் நண்பர்கள் மூன்று பேரும் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள், வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது எல்லாம்.

"உண்மையான விசுவாசிக்கு இதெல்லாம் வராது" என்று யாராவது சொன்னால் இங்கிலாந்தின் புகழ்பெற்ற பிரசங்கியார் சார்லஸ் ஸ்பர்ஜனைப் பற்றிச் சொல்லுங்கள். 1856 அக்டோபரில் லண்டன் சர்ரே கார்டன்ஸ் அரங்கத்தில் அவர் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போது யாரோ தீ என்று கத்த, கூட்டம் நெருக்கியடித்து ஏழு பேர் செத்துப்போனார்கள். அப்போது அவருக்கு வயது 22. அந்த அடியும் அதன் பிறகு வந்த மனச்சோர்வும் கடைசிவரை அவரை விட்டு முழுசாகப் போகவில்லை. அதைப் பிரசங்க பீடத்திலிருந்தே வெளிப்படையாகச் சொன்னவர் அவர். நம் பாஸ்டர்கள் பாதிப் பேர் இன்றும் அவர் பிரசங்கத்தைத்தான் மொழிபெயர்த்துப் பேசுகிறார்கள், இந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

பாஸ்டரிடம் போகும்போது

பாஸ்டர், ஐயர், ஃபாதர், யாராக இருந்தாலும் சொல்லலாம், சொல்வது நல்லதும்கூட. ஆனால் சொல்வதற்கு முன் நோயாளியைக் கேளுங்கள். "அண்ணே, பாஸ்டர்கிட்ட சொல்லட்டுமா, எவ்வளவு சொல்லட்டும்?" என்று ஒரு கேள்வி. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், உயிருக்கு ஆபத்து இருந்தால் மட்டும் விதிவிலக்கு.

சொல்லும்போதே ஒரு நிபந்தனை வைத்துவிடுங்கள், கூச்சப்படாதீர்கள்: "ஐயா, இது ஜெபக் குறிப்பில் வர வேண்டாம்." நம் சபைகளில் ரகசியம் உடைவது கெட்ட எண்ணத்தால் இல்லை, ஜெபத்தால்தான். புதன்கிழமை பெண்கள் கூட்டத்தில் "சகோதரி இன்னாருடைய மகளுக்காக, பெயர் வேண்டாம், மூன்றாவது தெரு வீடு, புத்தி தெளிவுக்காக ஜெபிப்போம்" என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும், இரவுக்குள் சபை வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பிய படம் வரிசையாக விழும், அடுத்த மாதம் அந்தப் பெண்ணுக்கு வந்த வரன் சத்தமில்லாமல் நின்றுபோகும். கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்: பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை ஃபாதர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்ல முடியாது, ஆனால் அவருடைய அறையில் சாதாரணமாகப் பேசியதற்கு அந்த ரகசியக் காப்பு கிடையாது. அதற்கு நீங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நல்ல போதகரை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? பேச்சை முடிக்கும்போது "டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று அவராகவே கேட்டால் அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். "மாத்திரை அவிசுவாசம்" என்றோ, "உங்கள் பரம்பரையில் ஒரு சாபக் கட்டு இருக்கிறது, ஏழு வாரம் வாருங்கள்" என்றோ, "விசேஷ காணிக்கை" என்றோ சொன்னால் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். "யார் செய்த பாவம்" என்ற கேள்வியை யோவான் 9இல் இயேசுவிடமே கேட்டார்கள், இவனும் இல்லை, இவன் பெற்றோரும் இல்லை என்று பதில் வந்தது. அந்த அதிகாரத்தைப் பிரசங்கம் செய்கிறவர்களே நேரில் வந்தால் தாத்தா செய்த பாவத்தைத் தேட ஆரம்பிப்பது வேடிக்கைதான்.

மருந்து எடுப்பது வேதத்துக்கு விரோதம் என்று வாதம் வந்தால் நீட்ட வேண்டாம். பவுலோடு கூடவே இருந்த லூக்கா ஒரு வைத்தியர், கொலோசெயர் 4:14இல் "பிரியமான வைத்தியன்" என்றே இருக்கிறது. கத்தோலிக்க பைபிளில் இருக்கும் சீராக் 38ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்லியே தொடங்குகிறது. இது போதும், வாக்குவாதத்தில் ஜெயித்து யாரும் குணமானதில்லை.

பேய் என்று சொன்னால்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும், ஏனென்றால் கேலி செய்தால் குடும்பம் காதை மூடிக்கொள்ளும். புளியம்பட்டி அந்தோணியார் கோவிலிலும் ராஜாவூர் மிக்கேல் கோவிலிலும் வாரக்கணக்கில் தங்கி ஜெபிக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: தங்குங்கள், ஆனால் மாத்திரையோடு தங்குங்கள், ரிவ்யூ தேதிக்குப் போய்வாருங்கள். ஆறுதல் கிடைக்கிற இடத்தைப் பிடுங்க வேண்டியதில்லை.

பேயோட்டுதலைப் பற்றி கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டமே ரொம்பக் கறாரானது. ஆயரின் தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் அதைச் செய்யக் கூடாது. முதலில் நோய் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும் என்பதும் அதிலேயே சேர்ந்தது. ஆக, யாராவது உங்கள் வீட்டுக்கு வந்து முடியைப் பிடித்து ஆட்டினால் "ஆயர் கடிதம் இருக்கா?" என்று கேட்கலாம். சுயாதீன சபைகளில் இந்த மாதிரி மேலே ஒரு கட்டுப்பாடு கிடையாது, அதனால் அங்கே நீங்களே கவனமாக இருக்க வேண்டும்.

திடீரென்று கண் ஒரு பக்கம் நிலைகுத்தி, வாய் மென்று, கொஞ்ச நேரம் கூப்பிட்டால் பதிலில்லாமல், அப்புறம் ஒன்றும் ஞாபகமில்லாமல் இருந்தால் அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். கீழே விழுந்து வெட்டினால்தான் வலிப்பு என்றில்லை. முடிந்தால் செல்போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள், யார் வாய்ச்சொல்லையும்விட அது உதவும்.

அடிப்பது, பட்டினி போடுவது, கட்டிவைப்பது எதற்கும் இடம் கொடுக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அது தர்காவைச் சுற்றி இருந்த இடம் என்பதால் நமக்குச் சம்பந்தமில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம், ஜெபவீடு என்ற பெயரில் அறையைப் பூட்டுகிற இடங்கள் நம்மிடமும் உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோய் உள்ள யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது.

யாரிடம் போவது

மூன்று பேரைக் குழப்பிக்கொள்கிறோம். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதன் மேல் மனநலத்தில் எம்.டி.யோ டி.பி.எம்.மோ படித்தவர், மாத்திரை எழுதுவது அவர்தான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேச்சு வழியாக, முறையான பயிற்சியோடு சிகிச்சை கொடுக்கிறவர், ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேட்டால் சொல்வார். மூன்றாவது கவுன்சிலர், இங்கேதான் விழிப்பாக இருக்க வேண்டும், ஏனென்றால் சமூகப்பணியில் முதுகலை முடித்துப் பல வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவரும் கவுன்சிலர், மூன்று மாத டிப்ளமா வாங்கிச் சபை வளாகத்தில் போர்டு மாட்டியவரும் கவுன்சிலர்.

"கிறிஸ்தவ ஆலோசகர்" என்றால் நல்லதுதான், விசுவாசத்தைப் பற்றி விளக்கம் சொல்லாமலே பேசலாம் என்ற சௌகரியம் இருக்கிறது. முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்: எங்கே படித்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் பயிற்சி எடுத்தீர்கள், எந்தக் கட்டத்தில் டாக்டரிடம் அனுப்புவீர்கள், நான் சொல்வதை எங்கள் பாஸ்டரிடம் சொல்வீர்களா? கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் வேறு ஆள் பாருங்கள். அடிக்கிற கணவனைப் பற்றிச் சொல்ல வந்த பெண்ணிடம் "கீழ்ப்படிந்து ஜெபியுங்கள்" என்று அனுப்பிவைக்கிற ஆலோசகரிடம் இரண்டாம் முறை போகவே வேண்டாம்.

டாக்டர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்று தேடி மாதங்களை வீணாக்காதீர்கள். கை ஒடிந்தால் எலும்பு டாக்டர் எந்தச் சபை என்று கேட்கிறோமா? ஆனாலும் அப்படி ஒரு இடம் வேண்டும் என்று மனம் கேட்டால் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. கனடாவிலிருந்து வந்த மிஷனரி டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் அங்கே மனநலப் பிரிவைத் தொடங்கினார். 1950களிலிருந்தே அங்கே ஒரு வழக்கம்: நோயாளியோடு வீட்டார் ஒருவரும் கூடவே தங்க வேண்டும், சமைத்து, கவனித்து, நோயைப் பற்றியும் கற்றுக்கொண்டு போக வேண்டும். லக்னோவில் அமெரிக்க மிஷனரி ஸ்டான்லி ஜோன்ஸ் 1950இல் தொடங்கிய நூர் மன்சிலும் இதே மாதிரி ஒரு கிறிஸ்தவ மனநல மருத்துவமனைதான். மிஷனரிகள் எழுபது வருடத்துக்கு முன்பே ஜெபத்தையும் மருந்தையும் ஒரே வளாகத்தில் வைத்துவிட்டார்கள், சண்டை நமக்குள் மட்டும் இன்னும் ஓடுகிறது.

காசில்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எதிலும் மனநலப் பிரிவு உண்டு, மாத்திரையும் இலவசம். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794இலிருந்து இருக்கிறது, அங்கே போனாலே பைத்தியம் என்று பெயர் வந்துவிடும் என்ற பயத்தால் எத்தனையோ பேர் தனியாரிடம் கடன்பட்டுப் போகிறார்கள். வெளியே கிளம்பவே முடியவில்லை என்றால் 14416ஐக் கூப்பிடுங்கள், மத்திய அரசின் டெலி மானஸ் எண், 24 மணி நேரமும் இருக்கும், தமிழிலேயே பேசலாம்.

மாத்திரை, உபவாசம், முழு இரவு ஜெபம்

பிரச்சினை அதிகம் வருவது இங்கேதான். மனச்சோர்வுக்கான மாத்திரை போட்ட மறுநாள் வேலை செய்யாது. பக்கவிளைவு முதலில் வரும், குமட்டல், வயிற்றுத் தொந்தரவு, கொஞ்சம் படபடப்பு. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். இந்த இடைவெளியில்தான் "பார்த்தியா, மாத்திரை ஒத்துக்கலை, ஜெபம்தான்" என்று நிறுத்திவிடுகிறார்கள். முதல் பதினைந்து நாள் வீட்டில் ஒருவர் மாத்திரையைத் தன் கையால் எடுத்துக்கொடுங்கள். தாங்க முடியாத தொந்தரவு என்றால் டாக்டருக்குப் போன், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அடுத்த ஆபத்து குணமானதும் வருவது. இரண்டு மாதத்தில் தெளிவாகிவிடுவார், ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லச் சொல்வார்கள், "அன்றைக்கே மாத்திரையைத் தூக்கிப் போட்டேன்" என்று சொல்வார், சபை அல்லேலூயா என்னும். முதல் முறை மனச்சோர்வு வந்தவரே குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும், சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு எல்லாம் வரும், நோயும் திரும்பலாம். சாட்சி சொல்வதாக இருந்தால் மாத்திரையையும் சேர்த்துச் சொல்லட்டும்: "கர்த்தர் தந்த டாக்டர், கர்த்தர் தந்த மாத்திரை, இன்னும் சாப்பிடுகிறேன்." அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு அதே ஆராதனையில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் யாராவது மறுநாள் ஓ.பி. சீட்டு போடுவார்கள்.

உபவாசம். இருதுருவ நோய்க்குக் கொடுக்கிற லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் தண்ணீர்கூட இல்லாமல் உபவாசம் இருந்தால் உடம்பில் நீர் குறைந்து இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கைநடுக்கம், வாந்தி, பேதி, நடை தள்ளாடுவது, நாக்குக் குழறுவது என்று தொடங்கும். பார்க்கிறவர்கள் ஆவியின் அசைவு என்று நினைத்துக்கொண்டிருந்தால் உயிரே போகலாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். லெந்து காலம் தொடங்குவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டை விடுவதற்குப் பதில் டீயையோ சீரியலையோ செல்போனையோ விடட்டும், எந்த நல்ல போதகரும் அதை ஏற்பார். உப்பில்லாச் சாப்பாடு என்று இருப்பதும் லித்தியத்தோடு ஆகாது, இது பலருக்குத் தெரியாது.

முழு இரவு ஜெபம் இருதுருவ நோய் உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம். ஒரு இரவுத் தூக்கம் போனாலே எழுச்சிக் கட்டம் கிளம்பிவிடும் சிலருக்கு. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனைகூட அவர்களுக்கு யோசித்துச் செய்ய வேண்டியதுதான், புத்தாண்டுக் காலை ஆராதனைக்குக் கூட்டிப்போங்கள், வாக்குத்தத்த வசனம் அப்போதும் கிடைக்கும்.

மன்னிக்கப்படாத பாவம் செய்துவிட்டேன் என்கிறவர்

ஜெபிக்கும்போது, பலிபீடத்தைப் பார்க்கும்போது, அசிங்கமான வார்த்தையோ தூஷணமோ தானாக மனதில் வந்து விழுகிறது. மாற்கு 3இல் சொன்ன, பரிசுத்த ஆவிக்கு விரோதமான பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று பயம். திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்பது, ஒரே ஜெபத்தைச் சரியாக வரும்வரை முதலிலிருந்து சொல்வது, பாஸ்டருக்கு ஒரு நாளில் நான்கு முறை போன் செய்து "நான் இரட்சிக்கப்பட்டிருக்கேனா ஐயா" என்று கேட்பது. இது எண்ணச் சுழல் நோயின் (ஓ.சி.டி.) ஒரு முகம், பக்தியுள்ள பிள்ளைகளுக்குத்தான் இப்படி வருகிறது, ஏனென்றால் யாருக்கு எது அதிமுக்கியமோ அதைத்தான் இந்த நோய் பிடித்துக்கொள்ளும். மார்ட்டின் லூத்தர் துறவியாக இருந்த நாட்களில் மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்து, முடித்துப் போனவுடனே விட்டுப்போனது ஞாபகம் வந்து திரும்பி வருவாராம். அவருடைய ஆன்மகுரு ஸ்டாபிட்ஸே சலித்துப்போனார்.

இதில் போதகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: தைரியம் சொல்லச் சொல்ல நோய் வளரும். "நீ இரட்சிக்கப்பட்டிருக்கிறாய்" என்று ஒரு தடவை சொல்லலாம், இருபதாவது தடவை சொல்வது ஆறுதல் இல்லை, அடுத்த கேள்விக்கு அழைப்பு. ஒரே ஒரு குருவிடம், குறித்த நாளில் மட்டும், ஏற்கெனவே சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் என்று வரம்பு வைத்துக்கொள்வது நல்லது, கத்தோலிக்கக் குருக்கள் காலங்காலமாக இந்த அறிவுரையைத்தான் கொடுத்து வருகிறார்கள். கூடவே அந்தப் பயத்தை எதிர்கொண்டும் சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்குகிற சிகிச்சை இருக்கிறது, மாத்திரையும் இருக்கிறது, இரண்டும் நன்றாக வேலை செய்யும்.

சாக வேண்டும் என்று சொன்னால்

நேராகக் கேளுங்கள். "உயிரை விட்டுடணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அலறாமல் உட்காருங்கள், எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா என்று கேளுங்கள், தனியாக விடாதீர்கள். வீட்டில் இருக்கிற பூச்சிமருந்தை அன்றே வெளியேற்றுங்கள், மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள், அன்றைக்கே டாக்டர். ஏதாவது செய்துகொண்டால் போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. சென்னையில் 1986இலிருந்து சினேகா அமைப்பு இதற்காகவே இருக்கிறது, 044 24640050 என்ற எண்ணில் பேசலாம். 104இலும் பேசலாம்.

"தற்கொலை செய்தால் நரகம்" என்று அவரிடம் சொல்லாதீர்கள். அது தடுக்காது, உங்களிடம் அடுத்த முறை சொல்ல மாட்டார், அவ்வளவுதான். எலியா கேட்டார், யோனா கேட்டார், யோபுவும் எரேமியாவும் பிறந்த நாளைச் சபித்தார்கள், ஒருவரையும் தேவன் அதற்காகத் தள்ளவில்லை. ஏற்கெனவே ஒருவரை இப்படி இழந்த குடும்பத்துக்கும் இதையே சொல்லுங்கள். முன்பு தற்கொலை செய்துகொண்டவருக்குத் திருச்சபை அடக்கம் மறுக்கப்பட்டது உண்மைதான், ஆனால் 1983இல் வந்த கத்தோலிக்கச் சட்டத்தொகுப்பில் அந்தத் தடை இல்லை. தன்னுயிரை மாய்த்துக்கொண்டவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடே சொல்கிறது. கல்லறைத் தோட்டத்தில் மூலையில் இடம் காட்டுகிற கமிட்டி இருந்தால் அதை எடுத்துக் காட்டுங்கள். சி.எஸ்.ஐ., லூத்தரன் கமிட்டிகள் "அது அவங்க சட்டம்" என்பார்கள், சொன்னால் பேராயரிடம் போங்கள்.

சபையாகச் செய்யக்கூடியது

ஆஸ்பத்திரியில் டெங்கு என்று படுத்தால் சபையே ஆப்பிளோடு போகிறது. மனநல வார்டுக்கு யாரும் போவதில்லை. இதை மாற்றப் பெரிய திட்டம் வேண்டாம். போவதற்கு முன் கேட்டுவிட்டு, இரண்டு பேர் மட்டும், அரை மணி நேரம். கிரிக்கெட்டோ சமையலோ பேசுங்கள். ஜெபிக்கட்டுமா என்று கேளுங்கள், சரி என்றால் சின்ன ஜெபம், சத்தம் உயர்த்தாமல், "பிசாசே" என்ற வார்த்தை இல்லாமல்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் முன்பு செய்த வேலையைத் திருப்பிக் கொடுங்கள். பாடகர் குழுவில் இருந்தவரை மறுபடி அங்கே நிற்க வையுங்கள், ஞாயிறு பள்ளி எடுத்தவருக்கு முதலில் ஒரு உதவியாளரோடு வகுப்பு கொடுங்கள். மாத்திரையால் கொஞ்சம் தூக்கக் கலக்கம், கை இறுக்கம், எடை கூடுவது இருக்கலாம், அதைப் பார்த்து அனுதாபமாகத் தலையாட்டாதீர்கள். இறுக்கமும் நடுக்கமும் அதிகமாக இருந்தால் டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றித் தருவார்.

கவனிக்கிறவரை எல்லாரும் மறந்துவிடுகிறோம், பெரும்பாலும் அது அம்மா அல்லது மனைவி. "உங்களுக்காக ஜெபிக்கிறோம்க்கா" என்பதோடு ஒரு கேள்வியும் சேர்த்துக் கேளுங்கள்: அடுத்த ரிவ்யூ என்றைக்கு? அன்று காலை அரசு ஆஸ்பத்திரி வரிசையில் அவருக்குப் பதிலாக ஏழு மணிக்கே ஒருவர் போய் நின்று ஓ.பி. சீட்டு எடுத்து வைத்தால், அவர் மகனைக் குளிக்க வைத்து, சாப்பிட வைத்து, ஒன்பது மணிக்கு நிதானமாகக் கூட்டி வரலாம். மாத்திரைச் சீட்டின் ஒரு நகலையும் அப்போதே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தொலைந்தால் அடுத்த மாதம் மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும்.